பூங்கா மேம்பாடு: வசூல் முதலா, வரைபடம் முதலா?

மட்டக்கோல்:
சுமார் 2000 சதுர மீட்டர் பூங்கா. நடைபாதை, ஊஞ்சல், விளக்கு, பெஞ்சு என்று பட்டியல் தயார். வசூலைத் தொடங்கிவிடலாம், வரைபடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே ஒரு தரப்பு. எனக்கு உடன்பாடில்லை. தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்காமல் பாதை போட்டால் அதுவே தண்ணீருக்கு அணை. 1.5 மீட்டர் அகலப் பாதைக்கு ஒரு ஓரம் 3 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், அந்தத் தண்ணீர் போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். 30 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி, நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்கவில்லையா? வடிகால் செலவும் கணக்கில் வந்தாக வேண்டும்.

ஊஞ்சல்பலகை:
அலமாரியில் தூங்கும் வரைபடங்களுக்குப் பஞ்சமே இல்லை. காகிதத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குத்தான் தருவார்கள். ஊஞ்சலை முதலில் நடுங்கள், பிள்ளைகள் வரட்டும், மீதி தானாக நடக்கும்.

மட்டக்கோல்:
சரி, ஊஞ்சலையே எடுத்துக்கொள்வோம். சங்கிலி மாட்டும் உயரம் 2.4 மீட்டர் என்றால் முன்னால் 4.8, பின்னால் 4.8 மீட்டர் காலியாக விட வேண்டும். பக்கவாட்டில் 1.8 மீட்டர். அதற்குள் மரம், பெஞ்சு, பாதை எதுவும் கூடாது. கீழே மணல் கொட்டினால் போதும் என்பீர்கள். 23 செ.மீ. மணல் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத்தான் தாங்கும், ஊஞ்சலுக்குப் பற்றாது. மரச்சில்லு 30 செ.மீ. கொட்டுங்கள், நாளடைவில் அமுங்கி 23 ஆகும், சில்லு என்றால் ஊஞ்சலுக்கு அது போதும். அடியில் வடிகால் இல்லாவிட்டால் சில்லு அழுகும். இதெல்லாம் தெரியாமல் என்ன தொகை சொல்லி வசூலிப்பீர்கள்?

வேர்முடிச்சு:
இரண்டு பேருமே மரத்தை மறந்துவிட்டீர்கள். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவை எடுத்து 12-ஆல் பெருக்குங்கள், 40 செ.மீ. மரத்துக்கு 4.8 மீட்டர். அந்த ஆரத்துக்குள் பள்ளம் தோண்டக்கூடாது, ஜல்லி வண்டியும் ஏறக்கூடாது. நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு பள்ளம், அடுத்த ஆண்டு கேபிளுக்கு ஒன்று என்று துண்டுதுண்டாக வேலை நடந்தால் ஒவ்வொரு முறையும் வேர் அறுபடும். இலை உதிரச் சில ஆண்டுகள் ஆகும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. பாதை போடும்போதே குறுக்கே இரண்டு வெற்று பைப்பைப் புதைத்துவிட்டால் பின்னால் உடைக்க வேண்டியதில்லை.

ஆனால் மட்டக்கோல் ஐயா, வரைபடம் மட்டும் போதாது. புல் தேய்ந்து மண் தெரியும் ஒற்றையடித் தடங்களைப் பார்த்தீர்களா? ஜனங்கள் நடக்கும் வழி அதுதான். சுண்ணாம்புக் கோடு போட்டு இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டி நடந்தால் கோடுதான் தப்பு.

ஊஞ்சல்பலகை:
அந்தச் சுண்ணாம்புக் கோடு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, செலவே கிடையாது. ஆள் எண்ணுவதையும் அப்படியே செய்யலாம்: ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள், காலை, மதியம், மாலை. வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று வாசலுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? பெஞ்சு, குப்பைத்தொட்டி, காய்ந்த கிளை வெட்டுவது, இதற்கெல்லாம் எதற்கு வரைபடம்?

மட்டக்கோல்:
பெஞ்சைக் கான்கிரீட்டில் புதைக்காமல் நகர்த்தும்படி வைத்தால் சம்மதம். இரண்டு நிபந்தனை. மொத்த மதிப்பீட்டில் 10 முதல் 15 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு; ஆண்டுப் பராமரிப்பு தனிக் கணக்கு, சில்லு நிரப்பவும் ஆள் கூலி வேண்டுமே. இரண்டாவது, ரசீதில் ‘ஊஞ்சலுக்கு’ என்று எழுதாதீர்கள். எழுதிவிட்டால் அந்தப் பணத்தை வடிகாலுக்குத் திருப்ப முடியாது.

ஊஞ்சல்பலகை:
‘வடிகாலுக்கு’ என்று ரசீது புத்தகம் அச்சடித்து நீங்களே ஒரு தெருவுக்குப் போய்வாருங்கள், பிறகு பேசுவோம்.