தெலுக் இந்தானுக்கு அம்மாவை அழைத்துச் செல்ல வழி வேண்டும்

மலர், பத்தாங் பெர்ஜுந்தை:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மா தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். சம்பளம் போட்ட மறுநாள் தாத்தா அவரை ஆற்றோரப் பட்டணத்துக்கு அழைத்துப் போய், துணியும் மளிகையும் வாங்கித் தருவாராம். அம்மா அந்த ஊரை இன்றும் 'தெலுக் ஆன்சன்' என்றுதான் சொல்கிறார். 74 வயதில் அதை மீண்டும் ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார். முட்டிவலி இருப்பதால் நெடுந்தூரம் நடக்க இயலாது. காரில் செல்வது நல்லதா, ரயிலா? எவற்றைக் காட்டலாம்?

குமரன், தாப்பா:
அக்கா, உங்கள் ஊரிலிருந்து காரே வசதி. கோலசிலாங்கூர் வந்து, ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சாபாக் பெர்ணம் வழியாகச் சென்று, பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். அதற்குப் பிறகு ஊத்தான் மெலிந்தாங், அடுத்து தெலுக் இந்தான். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. செகிஞ்சான் வயல்களின் ஓரம் சற்று இளைப்பாறலாம். ரயிலில் வருவோர் தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில்தான் போக வேண்டியிருக்கும். 1893ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தை ஆற்றுத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்ற கிளைப் பாதை இப்போது இல்லை. அம்மாவின் சிறுவயதில் அது ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கக்கூடும்.

செல்வராணி, தெலுக் இந்தான்:
சகோதரி, அம்மாவின் பழக்கம் எனக்கு வியப்பளிக்கவில்லை. எங்கள் ஊருக்குப் பெயர் மாறியது 1982இல்தான். அதுவரை பினாங்கின் ஆங்கிலேய அதிகாரி ஆன்சனின் பெயரே வழங்கியது. அதற்கும் முன்னர் இவ்விடம் தெலுக் மாக் இந்தான். மண்டைலிங் இனத்து வணிகப் பெண்மணி ஒருவரின் பெயர் அது என்பார்கள். ஒரு சந்தைப் பட்டணத்துக்கு வணிகம் செய்த பெண்ணின் பெயரே திரும்பி வந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள். முதலில் சாய்ந்த கோபுரத்தின் எதிரில் காரை நிறுத்துங்கள். 1885இல் லியோங் சூன் சோங் என்னும் குத்தகையாளர் கட்டிய அந்தக் கோபுரம் முதலில் ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைப்பதற்கானது. உச்சியிலிருந்த தொட்டியின் பாரமும் அடியிலிருந்த இளகிய மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. வெளியே எட்டு மாடிகளாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்றே தளங்கள். அம்மா படிகளில் ஏற வேண்டியதில்லை. எதிர்த் திடலில் உட்கார்ந்து பார்ப்பதே போதும். சுற்றியுள்ள பழைய கடைவரிசைகளின் ஐந்தடி நடைபாதையில் வெயில் படாமல் மெதுவாக நடக்கலாம். தாத்தா துணி வாங்கிய கடை இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இங்குள்ள சீ சியோங் ஃபன் என்னும் அரிசிமாவுச் சுருளில் உலர் இறாலும் செங்குவாங் கிழங்கும் வைத்துச் சுருட்டுவார்கள். குழம்பு ஊற்றுவதில்லை, ஊறிய பச்சை மிளகாயோடு தருவார்கள். வெயில் தாழ்ந்தபின் ஆற்றங்கரைக்குப் போங்கள். பேராக் ஆறு ஊரைச் சுற்றி வளைந்து திரும்பும் இடத்தில் நின்றால், இங்கே ஏன் துறைமுகம் அமைந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

குமரன், தாப்பா:
ஒன்று விட்டுப்போனது. நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமி விழா அங்கே மிகவும் பெரிது. ஆனால் அந்நாள்களில் நெரிசல் மிகுதியாதலால், முட்டிவலி உள்ளவரை அப்போது அழைத்துவருவது உசிதமன்று.

மலர், பத்தாங் பெர்ஜுந்தை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரயிலில் ஒருமுறை தாப்பா ரோடு வரை போனதாகச் சொன்னார். பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரநாளில் புறப்படுகிறோம்.