கொழும்பில் பிள்ளைக்கு உளவியல் பரிசோதனை: முதலில் மொழியைக் கேளுங்கள்

போன மாதம் திருச்சியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "மகனுக்கு எட்டு வயது. ஐ.க்யூ பரிசோதனை செய்து அறிக்கை கொண்டுவரச் சொல்கிறது பள்ளி. எங்கே போவது?" எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன். எந்த மொழியில், எப்போது என்ற இரண்டையும் கேட்காமல் போய் நாங்கள் ஒரு வருடத்தை இழந்தோம். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து வந்த நான்காம் மாதமே மகனை அழைத்துப் போனோம். "தமிழிலேயே செய்வோம்" என்றதும் எங்களுக்கு நிம்மதி. பரிசோதித்தவர் அன்பானவர், யாழ்ப்பாணத்துக்காரர். கதவு பாதி திறந்திருந்ததால் வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. நேரம் பார்த்துச் செய்யும் பகுதி வந்ததும், "கெதியாகச் செய்யுங்கள், ராசா" என்றார். கெதி என்றால் இங்கே வேகம். அந்தச் சொல் அவனுக்கும் தெரியாது, அன்று எனக்கும் தெரியாது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு குறியையும் ஓவிய வகுப்பில் போல வரைந்தான். தவறாகிவிட்டதை ஒருமுறை அழித்து மீண்டும் வரைந்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

செயல்வேகம் (எவ்வளவு வேகமாகச் செய்கிறான் என்பது) என்ற இடத்தில் 74 வந்தது. சராசரி 100. அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அவனைத் தனி வகுப்புக்கு மாற்றலாமா என்று பள்ளியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் கேட்டபோது, "அழகாகச் செய்யச் சொன்னார்கள் என்று நினைத்தேன் அம்மா" என்றான். எனக்கு அன்று இரவு முழுவதும் தூக்கமில்லை.

இந்த வயதுக்குப் பெரும்பாலும் வெக்ஸ்லர் அளவுகோலைத்தான் பயன்படுத்துவார்கள். சுருக்கமாக 'விஸ்க்' என்பார்கள். அதன் ஐந்தாம் பதிப்பு 6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரையிலான பிள்ளைகளுக்கானது. சொல்லறிவு, காட்சித்திறன், புதிர்களை ஆராயும் திறன், செயல்நினைவு (கேட்டதைச் சற்று நேரம் மனதில் வைத்துப் பயன்படுத்துவது), செயல்வேகம் என்று ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றிலும் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். ஒரு பிரிவு 110, இன்னொன்று 74 என்று விலகி நின்றால் மொத்த எண்ணுக்குப் பெரிய பொருள் கிடையாது. பிரிவுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதைவிட முக்கியம், பிள்ளையின் விடைகளை ஒப்பிட்டு எண் தரும் அட்டவணை, ஒரு நாட்டுப் பிள்ளைகளை வைத்து, ஒரு மொழியில் வகுத்தது. கேள்வியை அந்த இடத்திலேயே தமிழாக்கிக் கேட்டால் அட்டவணை அப்படியே பொருந்தாது. நேர்மையான உளவியலாளர் அதை அறிக்கையிலேயே எழுதிவிடுவார். சொல்லைக் குறைவாக நம்பும் ரேவன் வடிவப் புதிர்கள் போன்றவற்றையும் சேர்த்துச் செய்வார்களா என்று கேளுங்கள்.

இவையெல்லாம் எதற்காகத் தோன்றின? 1905இல் பாரிசில் பினே, சிமோன் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் முதல் அளவுகோலை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான். பிள்ளையை ஒதுக்கிவைக்க அறிக்கை கேட்கிறார்கள் என்று தோன்றினால், "இதை வைத்து என்ன உதவி செய்வீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தயங்காதீர்கள்.

வந்து ஆறு மாதமாவது போகட்டும் என்பது என் கருத்து. வீடு, நண்பர்கள், பாடமொழி எல்லாம் ஒரே நேரத்தில் மாறிய பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. ஆனால் சின்னக் குழந்தை பேச்சில் பின்தங்கினாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, பேசிய சொற்களை இழந்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். எந்த வயதானாலும் முதலில் காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள்.

வாசிப்புச் சிக்கலுக்கு வருவோம். இங்கே பிள்ளையின் மேசையில் தமிழ், ஆங்கிலம், சிங்களம் என மூன்று எழுத்துகள். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி ஏறக்குறைய தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் அப்படி இல்லை. தமிழைச் சரளமாக வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு அவசரப்பட்டு டிஸ்லெக்சியா என்று பெயர் வைக்கக் கூடாது. இரு மொழியிலும் வாசிக்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊரில் ஏற்கெனவே பரிசோதித்திருந்தால் (பினே–காமத், மாலின் அளவுகோல் போன்றவை) அந்த அறிக்கையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். ஒரே பரிசோதனையைச் சீக்கிரமே திரும்பச் செய்தால் பழக்கத்தாலேயே எண் கூடிவிடும். நாங்கள் ஒரு வருடம் காத்திருந்ததும் அதனால்தான்.

இனி, எங்கே என்ற கேள்வி. அரசு தரப்பில் பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ள சிறுவர்களுக்கு றாகமையில் களனிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த அயதி நிலையம் இருக்கிறது. தனியாரிடம் போவதானால் 'சனல்' செய்ய வேண்டும். மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்வதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். உளவளத்துணையாளர் என்றால் நம் ஊரின் கவுன்சிலர், உளமருத்துவர் என்றால் சைக்யாட்ரிஸ்ட். பரிசோதனை செய்து அறிக்கை எழுதுபவர் பயிற்சி பெற்ற உளவியலாளராக இருக்க வேண்டும். எங்கே படித்தார், இந்த அளவுகோலில் பயிற்சி உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு: கேம்பிரிட்ஜ், எடெக்செல் போன்ற பிரிட்டிஷ் வாரியத் தேர்வுகளில் கூடுதல் நேரம் கேட்க வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டியது பள்ளி. தேர்வு நெருங்கிய பின் ஓடாதீர்கள், ஒரு வருடம் முன்பே பேசுங்கள். இந்தியாவுக்குத் திரும்பி அங்கே தேர்வெழுதும் எண்ணம் இருந்தால் கொழும்பு அறிக்கையை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபாட்டுச் சான்றிதழை அங்குள்ள அதிகாரம் பெற்ற மருத்துவக் குழுவிடம் வாங்க வேண்டும். பதினெட்டு தாண்டியவர்களுக்கு அறிக்கை அவர்கள் சொத்து. பிள்ளையிடம் கேட்காமல் நாம் திறந்து பார்க்கக் கூடாது.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926. அன்றே அழையுங்கள்.

எங்கள் மகனுக்கு இரண்டாம் முறை வேறோர் இடத்தில் செய்தோம். தொடங்கும் முன் அங்கிருந்த உளவியலாளர் அம்மா அவனோடு அரை மணி நேரம் கிரிக்கெட் பேசினார். அவன் எந்தச் சொல்லுக்கு விழிக்கிறான் என்று குறித்துக்கொண்டார். "சீக்கிரமாக என்று சொன்னால் விளங்குமா?" என்று அவனிடமே கேட்டார். செயல்வேகம் 96 வந்தது. எந்த மொழியில், யாருடைய அட்டவணையில், எந்தச் சொற்களை மாற்றிச் செய்தார்கள் என்று இரண்டாம் பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். பள்ளியில் நான் முதலில் திறந்து காட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.