உதவி: பர்ன்-இன் செய்யச் செய்ய ஹெட்ஃபோன் மோசமாகிக்கொண்டே போகிறது (அவசரம்)

மாஹிம்காரன்
புது ஹெட்ஃபோன் வாங்கினேன். புது ஹெட்ஃபோனைப் பல மணி நேரம் ஓடவிட்டுப் பழக்குவதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். கடையில் சொன்னபடி அதற்காகத் தினமும் ராத்திரி பிங்க் நாய்ஸ் (ஒரே சீரான இரைச்சல்) ஓடவிட்டுப் படுக்கிறேன். வாங்கின அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. இப்போது பேஸ் போய்விட்டது. பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கேயோ தலைக்குப் பின்னால் கலைந்து கேட்கிறது. 200 மணி நேரம் முடிந்தால் தானாகச் சரியாகும் என்கிறார் கடைக்காரர். தொடர்ந்து ஓடவிடவா, நிறுத்தவா? டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) போய்விட்டதா? திருப்பிக் கொடுக்கும் கெடு சனிக்கிழமையோடு முடிகிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

முலுண்ட்வாசி
என்ன மாடல்? எதில் செருகிக் கேட்கிறீர்கள்: போனா, லேப்டாப்பா, தனி ஆம்ப்பா (ஆம்ப்ளிஃபையர்)?

நிதானம்
தம்பி, நிறுத்தாதீர்கள். நடுவில் ஒரு கட்டம் இப்படித்தான் இருக்கும். புது மிருதங்கம் வந்ததும் நாதம் பேசுமா? வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும். டிரைவரில் அதிரும் மெல்லிய சவ்வான டயஃப்ரமும் அப்படித்தான், அசைந்து அசைந்து இளகவேண்டும். என்னுடைய ஏகேஜி ஹெட்ஃபோன் முதலில் காதைக் குத்தியது, மாதக்கணக்கில் கேட்ட பிறகு தேனாக ஆகிவிட்டது. அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளிச்சரடு
கூடவே வந்த கேபிளிலா கேட்கிறீர்கள்? அப்படியென்றால் பர்ன்-இன் பற்றிப் பேசுவதற்கே இது நேரமில்லை. முதலில் நல்ல வெள்ளிக் கேபிள் ஒன்று போடுங்கள். ஒலி பரந்து, மேடை விரிவதுபோல் ஆவதை நீங்களே உணர்வீர்கள்.

ஓம்விதி
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. கேள்வி கேட்பவர்கள் முதலில் அதைப் பயன்படுத்தப் பழகினால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

சரி, வந்த விஷயம். டில் ஹெர்ட்சன்ஸ் என்ற அமெரிக்க ஹெட்ஃபோன் விமர்சகர் ஏகேஜி க்யூ701 ஹெட்ஃபோனைப் பல மணி நேரம் ஓடவிட்டு, இடையிடையே நிறுத்தி அளந்து பார்த்தார். மாற்றம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டும்போது காதில் உட்காரும் இடம் மாறுகிறதே, அதனால் வரும் வித்தியாசமே அதைவிடப் பெரியது. பேஸ் மொத்தமாகக் காணாமல் போவதற்கும் பர்ன்-இன்னுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிதானம் அவர்களுக்கு ஏகேஜி தேனானது என்றால், பஞ்சு அமுங்கி டிரைவர் காதுக்கு நெருங்கியிருக்கும், காதும் பழகியிருக்கும். அவ்வளவுதான்.

நிதானம்
அதே ஹெர்ட்சன்ஸ் புதியதையும் பழையதையும் எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்டபோது, பெரும்பாலும் சரியாகவே சொன்னார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஓம்விதி
விடவில்லை. அவர் கேட்டது இரண்டு தனித்தனி ஹெட்ஃபோன்களை. ஒரே மாடலில் இரண்டு எடுத்தாலே தொழிற்சாலையிலிருந்து வரும்போது கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அடிப்படை இது.

முலுண்ட்வாசி
மாடல் என்ன என்று இன்னும் தெரியவில்லை.

மாஹிம்காரன்
சென்ஹைசர் எச்டி 650. ஆபீஸில் இருக்கிறேன், ராத்திரி எழுதுகிறேன்.

செம்பூர்_இளையவன்
எச்டி 650 என்றால் மின்தடை 300 ஓம். போனில் நேராகச் செருகினால் சத்தம் போதாமல்தான் இருக்கும். ஆம்ப் இருக்கிறதா அண்ணா?

கிங்ஸ்சர்க்கிள்_லயம்
நிதானம் சார் மிருதங்கத்தை இழுத்ததால் ஒரு வார்த்தை. வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்பது வலது பக்கமான வலந்தலைக்குச் சரி. இடது பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறோம், முடிந்ததும் வழித்துவிடுகிறோம். அந்தப் பக்கத்துக் கும்காரம் அன்றன்றைக்கு ஒட்டும் ரவையைப் பொறுத்தது. தோல், வார், மரம் எல்லாம் ஈரத்தையும் இழுவையையும் பொறுத்து மாறும் பொருட்கள். பிளாஸ்டிக் டயஃப்ரத்துக்கு அந்த நியாயம் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்.

நிதானம்
ஈரம் என்று சொன்னீர்களே, அதைத்தான் நானும் சொல்கிறேன். மும்பை மழைக்காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்குகிறது. ஹெட்ஃபோனிலும் பஞ்சு இருக்கிறது, துணி இருக்கிறது. அது மட்டும் மாறாதா?

கிங்ஸ்சர்க்கிள்_லயம்
மாறலாம். ஆனால் ஜூலையில் ஷண்முகானந்தா அரங்க வாசலில் நின்று பாருங்கள். ஏசி அரங்கத்துக்குள் போனதும் தோல் காய்ந்து இறுகும், சுருதி ஏறும். அதனால்தான் முன்னதாகவே போய், கருவியை உறையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அது சில நிமிடங்களில் நடக்கிற விஷயம். பர்ன்-இன் கதையோடு அதைச் சேர்க்க முடியாது.

வெள்ளிச்சரடு
எல்லோரும் கேபிளை மறந்துவிட்டீர்கள். வெள்ளியைவிட நல்ல கடத்தி எந்த உலோகமும் இல்லை. இது பள்ளிக்கூடப் பாடம்.

ஓம்விதி
பள்ளிக்கூடப் பாடத்தைக் கடைசி வரை படியுங்கள். செம்பைவிட வெள்ளிக்கு மின்தடை 5, 6 சதவீதம் குறைவு. ஒரு சாதாரண ஹெட்ஃபோன் கேபிளின் மொத்தத் தடையே அரை ஓம்முக்குள் இருக்கும். அரை ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 300 ஓம் ஹெட்ஃபோனில் அதனால் குறையும் சத்தம் ஒரு டெசிபெல்லில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. அதில் 5 சதவீதத்தைக் காது கேட்கிறது என்கிறீர்களா?

வெள்ளிச்சரடு
காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்கு வாருங்கள், நான் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன்.

ஓம்விதி
நீங்கள் மாற்றிப் போடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தால் அது சோதனை இல்லை. எந்தக் கேபிள் என்று இருவருக்கும் தெரியக்கூடாது, சத்தத்தை மீட்டரில் அளந்து சமமாக்க வேண்டும். ஒரு டெசிபெல் கூடினாலே அதுதான் நல்ல ஒலி என்று மனம் சொல்லிவிடும். 10 ஓம், 15 ஓம் என்று தடை ஏறி இறங்கும் இயர்போன்களில் அரை ஓம் கொஞ்சம் வேலை காட்டும். எச்டி 650-ல் இல்லவே இல்லை.

மட்டுறுத்துநர்
கேபிள் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

மாஹிம்காரன்
டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடுவது). லேப்டாப்பிலிருந்து ஒரு டாக் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் பெட்டி) வழியாகப் போகிறது. ஈக்யூ (ஈக்வலைசர்) எதுவும் இல்லை.

முலுண்ட்வாசி
வாங்கின அன்றைக்கு நன்றாக இருந்தது என்றீர்களே, அன்றைக்கும் இதே ஆம்ப்பா?

மாஹிம்காரன்
இல்லை, அன்றைக்கு லேப்டாப்பில் நேராகக் கேட்டேன். ஆம்ப் அடுத்த வாரம்தான் வந்தது. அதே சமயத்தில் கேபிளும் மாற்றினேன். பர்ன்-இன் பற்றிக் கேட்டதால் அதையெல்லாம் எழுதவில்லை.

செம்பூர்_இளையவன்
அண்ணா, அதைத்தானே முதலில் சொல்லியிருக்கவேண்டும்!

ஓம்விதி
மூன்று விஷயத்தை ஒன்றாக மாற்றிவிட்டு நான்காவதைக் குறை சொல்வது என்பது இதுதான். இருந்தாலும் ஆம்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டியூப் ஆம்ப் என்றால் வெளியீட்டுத் தடை 100 ஓம் வரைகூடப் போகலாம். எச்டி 650-ன் தடை எல்லா அதிர்வெண்ணிலும் 300 இல்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓம் வரை ஏறும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த இடத்தில் பேஸ் சுமார் 0.9 டெசிபெல் கூடவேண்டும். உங்களுக்குக் குறைகிறது. அதனால் ஆம்ப் காரணம் இல்லை.

வெள்ளிச்சரடு
என்ன கேபிள் போட்டீர்கள்?

மாஹிம்காரன்
இங்கே ஒருவர் வீட்டிலேயே செய்து தருகிறார். வெள்ளி முலாம் பூசிய செம்பு.

முலுண்ட்வாசி
பழைய கேபிளைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாஹிம்காரன்
முடியாது. புதுக் கனெக்டர் கையில் இல்லை என்று, பழைய கேபிளின் கனெக்டர்களை வெட்டி எடுத்துத்தான் புதியதைச் செய்தார்.

டோம்பிவிலி_ஸ்லோலோக்கல்
இப்போதுதான் இழையைப் பார்த்தேன். நான் ரிப்பேர் வேலை செய்கிறவன். மாஹிம்காரன், ஒன்றே ஒன்று செய்து பார்த்துச் சொல்லுங்கள். வலது கப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இடதில் மட்டும் கேளுங்கள். அப்புறம் இடதை எடுத்துவிட்டு வலதில் மட்டும் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்கும்போது பேஸ் இருக்கிறதா?

மாஹிம்காரன்
இருக்கிறது!! ஒரு காதில் மட்டும் கேட்டால் முன்போலவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் போய்விடுகிறது. எப்படி இது?

டோம்பிவிலி_ஸ்லோலோக்கல்
அப்படியானால் டிரைவர் இரண்டும் நல்லபடியாக இருக்கின்றன. ஆம்ப்பும் சரி. கேபிளில் ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு டயஃப்ரம் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது. சத்தத்தின் அளவு இரண்டு காதிலும் ஒன்றுதான், அதனால் தனித்தனியாகக் கேட்டால் ஒரு குறையும் தெரியாது. அளவுக் கருவியில் ஒவ்வொரு காதாகச் சத்தத்தின் அளவை மட்டும் அளந்தாலும் பிடிபடாது.

இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் மூளை தடுமாறும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். நம் இரண்டு காதுக்கும் நடுவில் உள்ள தூரம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால் இயற்கையில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தாழ்ந்த ஒலி இரண்டு காதிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் தள்ளும். ஒரு காதில் தள்ளி மறு காதில் இழுக்கும் பேஸ் என்று வெளியே எதுவும் இல்லை. இது எங்கிருந்து வருகிறது என்று மூளையால் தீர்மானிக்க முடியாது. பேஸ் கரைந்துபோனதுபோல் இருக்கும். ரெக்கார்டிங்கில் குரல் இரண்டு சேனலிலும் சமமாக இருப்பதால்தான் நடுவில் கேட்கும். அந்த நடுவும் கலைந்துவிடும். நீங்கள் முதல் பதிவில் எழுதியது அப்படியே இதுதான்.

உறுதி செய்ய இன்னொரு வழி: லேப்டாப்பில் அணுகல்தன்மை அமைப்புக்குள் 'மோனோ ஆடியோ' என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். கேபிள் சரியாக இருந்தால் எல்லாம் நெற்றி நடுவே ஒரு புள்ளியாகக் கேட்கும். மாறியிருந்தால் நடுவில் ஒன்றும் இல்லாமல் இரண்டு பக்கமும் சிதறும்.

அப்புறம் மல்டிமீட்டர். லேமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும், கம்பி தொடர்ந்திருந்தால் பீப் அடிக்கும் கன்டின்யூட்டி வசதி இருந்தால் சரி. எச்டி 650 கனெக்டரில் ஒரு பின் தடிமன், ஒரு பின் மெல்லிசு. ஆம்ப்பில் செருகும் பிளக்கின் அடிப்பாகத்தில், அதாவது ஸ்லீவில், ஒரு முனையை வைத்துக்கொண்டு இடது கனெக்டரின் எந்தப் பின்னில் பீப் வருகிறது என்று பாருங்கள். வலது பக்கமும் அதே வகைப் பின்னில்தான் வரவேண்டும். ஒரு பக்கம் தடித்த பின், மறு பக்கம் மெல்லிய பின் என்று வந்தால் கதை முடிந்தது.

ஓம்விதி
கேபிளால் ஒலி மாறாது என்று நான் சொன்னது சரியாக இணைத்த கேபிளுக்கு. தவறாக இணைத்தால் எதுவும் மாறும். இதை எல்லோரும் கவனிக்கவேண்டும்.

வெள்ளிச்சரடு
ஆக, கேபிள்தான் காரணம். நான் முதலிலேயே கேபிளைப் பற்றிக் கேட்டேன்.

முலுண்ட்வாசி
இன்னொரு விஷயம், இது கோபமாகவே சொல்கிறேன். ராத்திரி 8 மணி நேரம் ஓட்டினால் 200 மணி நேரத்துக்கு 25 நாள் ஆகும். பல கடைகளின் திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடும். உண்மையாகவே பழுதான பொருளாக இருந்திருந்தால் பொறுமையாகக் காத்திருந்தே மாட்டிக்கொண்டிருப்பீர்கள். யார் வாங்கினாலும் சரி, முதல் நாளே கூடவே வந்த கேபிளோடு கேளுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, கரகரப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேபிள், ஆம்ப் எல்லாம் கெடு முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நிதானம்
கம்பி மாறியது சரி. ஆனால் புது எச்டி 650 தலையை இறுக்கிப் பிடிக்கும், சில மாதத்தில் தளரும், பஞ்சும் அமுங்கும், ஒலி மாறும். இதை ஓம்விதி அவர்களே ஒப்புக்கொண்டார். அதற்கு நான் பர்ன்-இன் என்று பேர் வைத்தால் என்ன குறை?

ஓம்விதி
குறை என்னவென்றால், அதற்கு ராத்திரியெல்லாம் பிங்க் நாய்ஸ் ஓட்டவேண்டியதில்லை. தலையில் மாட்டிப் பாட்டுக் கேட்டாலே போதும்.

நிதானம்
அது சரி. பாட்டுக் கேளுங்கள் தம்பி.

மாஹிம்காரன்
சரியாகிவிட்டது. இடது பக்கம் மாறித்தான் இருந்தது. லேமிங்டன் ரோட்டில் ஒருவர் உடனே மாற்றிக் கொடுத்துவிட்டார். குரல் நடுவில் வந்துவிட்டது, பேஸும் வந்துவிட்டது. எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

டோம்பிவிலி_ஸ்லோலோக்கல்
சந்தோஷம். அந்தக் கனெக்டரை இதோடு இரண்டு தடவை சூடு காட்டியாயிற்று. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிப் பின் ஆடினால் ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். செருகும்போது பின்கள் நேராக, ஆடாமல் இருக்கின்றனவா? ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

செம்பூர்_இளையவன்
நானும் அதே ஆளிடம்தான் கேபிள் செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். மாஹிம்காரன் அண்ணா, கொஞ்சம் தனிச்செய்தியில் வாருங்களேன்.

டோம்பிவிலி_ஸ்லோலோக்கல்
தம்பி, உங்கள் ஹெட்ஃபோனின் கனெக்டரை வெட்டிக் கொடுக்காதீர்கள். புதுக் கனெக்டர் தனியாகவே கிடைக்கும். கேபிள் கைக்கு வந்ததும், பணத்தில் மீதியைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் எதிரிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.