பழைய பான்ஜோ வாசிப்பில் விரல் திம்பிள்: எதற்காக, எப்படி?

கேள்வி: மார்த்தாண்டம் கிட்டார்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் அருகே ஒரு சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்து வருகிறேன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் எனக்கு ஐந்து தந்தி பான்ஜோ ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராவையும் நம் ஊரில் சிலர் பான்ஜோ என்று சொல்வதுண்டு. நான் கேட்பது அதைப் பற்றி அல்ல, தோல் போர்த்திய வட்டச் சட்டமும் நீண்ட கழுத்தும் உடைய அமெரிக்க வாத்தியத்தைப் பற்றி.

ஆட்காட்டி விரலின் நகத்தால் தந்தியை மேலிருந்து கீழாக அடித்து, கட்டைவிரலால் குட்டையான ஐந்தாம் தந்தியை மீட்டும் முறையைப் பழகி வருகிறேன். சற்று நேரம் வாசித்தாலே நகம் ஓரத்தில் பிளந்துவிடுகிறது. 19 ஆம் நூற்றாண்டில் மேடையில் வாசித்தவர்கள் விரலில் திம்பிள் என்ற உலோக உறையை அணிந்து வாசித்தார்கள் என்று படித்தேன். என் அம்மா நாகர்கோவில் பக்கம் ஏற்றுமதிக்கு எம்பிராய்டரி செய்துகொண்டிருந்த காலத்தில் பயன்படுத்திய திம்பிள் வீட்டில் இருந்ததால், அதை மாட்டி வாசித்துப் பார்த்தேன். அது தந்தியில் வழுக்குகிறது. எழும் ஒலியும் கரண்டியால் தட்டியது போல் மொண்ணையாக இருக்கிறது.

அந்தக் காலத் திம்பிளின் வடிவம் என்ன, அதை எதற்காக அணிந்தார்கள், பிறகு ஏன் கைவிட்டார்கள் என்பதையும், இன்று அதைச் செய்துகொள்ள வழி உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கோட்டாறு வாசகன்

தம்பி, தையல் திம்பிள் விரல் நுனியை முழுவதுமாக மூடும் தொப்பி. ஊசியின் பின்முனையைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது என்பதால் அதற்கு உருண்டையான தலையும், ஊசி வழுக்காமலிருக்கச் சிறு குழிகளும் உண்டு. தந்தியை அடிக்கத் தேவையான விளிம்பு மட்டும் கிடையாது. பான்ஜோ திம்பிளோ பெயரளவில்தான் திம்பிள். விரலைப் பற்றிக்கொள்ளும் ஒரு வளையம், அதிலிருந்து நகத்தின் மேலாக நீண்டு நகத்தின் நுனியைச் சற்றே தாண்டி நிற்கும் ஒரு தகட்டு நாக்கு, இவ்வளவுதான் அது. பெரும்பாலும் ஜெர்மன் சில்வரில் செய்தார்கள். பெயரில் வெள்ளி இருந்தாலும் அது செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை சேர்ந்த கலப்புலோகம். வியர்வைக்கு எளிதில் துருப்பிடிக்காது, விரும்பியபடி வளைக்கவும் முடியும்.

இந்தப் பொருளுக்கு முன்பே இந்த அடி இருந்தது. பான்ஜோவை உருவாக்கியவர்கள், கரீபியத் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பகுதியில் வாழும் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்ற வாத்தியம் இன்றும் இருக்கிறது. சுரைக்குடுக்கையின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தி, மூன்று தந்திகளில் ஒன்றைக் குட்டையாக விட்டிருப்பார்கள். காம்பியாவைச் சேர்ந்த ஆய்வாளர் டேனியல் லேமுவாஹுமா ஜட்டாவின் உழைப்பால்தான் அது வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. அதை வாசிக்கும் விதம் நீங்கள் பழகும் முறைக்கு மிக நெருக்கமானது: ஆட்காட்டி விரலின் நகம் நீண்ட தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கும், கட்டைவிரல் குட்டைத் தந்தியைத் தொடும்.

அந்த அடியை வெர்ஜீனியாவின் கறுப்பின மக்களிடம் கற்று, 1830களில் மேடைக்குக் கொண்டுபோன வெள்ளையர்களில் பெயர் பெற்றவர் ஜோயல் வாக்கர் ஸ்வீனி. 1843 இல் நியூயார்க்கில் வெர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு அரங்கேறியது. ஃபிடில், பான்ஜோ, தம்பூரின், தாளத்துக்குக் கையில் பிடித்துத் தட்டும் எலும்புத் துண்டுகள் ஆகியவையே அவர்களுடைய வாத்தியங்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு, யாருடைய இசையை எடுத்தார்களோ அவர்களையே கேலிப்பொருளாக்கிய கூத்து அது என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. அரங்குகளிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் ஒலிபெருக்கி இல்லை. பான்ஜோவிலோ தோல் முகமும் குடல் நரம்புத் தந்தியும் இருந்தன. மழைக் காலத்தில் தோல் தளர்ந்தால் ஒலி இன்னும் அடங்கிப்போகும். கடைசி வரிசை வரை கேட்கவும், இரவுதோறும் வாசிக்கும் நகம் தேயாமலிருக்கவும் திம்பிள் உதவியது. நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் மைக் வருவதற்கு முன் வில்லுப்பாட்டுக்காரர்கள் எப்படி வீசுகோலை ஓங்கி அடித்துத் திறந்தவெளியை நிரப்பினார்களோ, அதே தேவைதான் அங்கும்.

தொடக்ககாலப் பாடநூல்களில் குறிப்பிடத்தக்கது தாமஸ் பிரிக்ஸின் நூல். அவர் இறந்த பிறகு 1855 இல் பாஸ்டனில் வெளிவந்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டுமே வேலை செய்யும் என்றும், ஆட்காட்டி விரல் நகத்தால் அடிக்க வேண்டும் என்றும் அது சொல்லிக்கொடுக்கிறது. பிற்காலத்தில் பான்ஜோ தயாரிப்பாளர்களின் விலைப்பட்டியல்களில் தந்தி, தந்திகளைத் தாங்கும் குதிரை ஆகியவற்றோடு திம்பிளும் ஒரு சரக்காக இடம்பெற்றது.

பதில்: தக்கலை வீணை

வணக்கம். கோட்டாறு ஐயா எழுதியதில் வரலாறு தெளிவாக இருக்கிறது. ஆனால் திம்பிளின் பயனை ஒலியின் உரத்திலும் நகத்தின் பாதுகாப்பிலும் முடித்துக்கொள்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

நான் வீணை கற்றவள். வீணையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளைக் கீழ்நோக்கி மீட்டும். பக்கவாட்டிலுள்ள மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மேல்நோக்கித் தொடும். வெறும் நகத்தால் மீட்டுபவர்களும் உண்டு, கம்பி மீட்டியை விரலில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உரத்தில் மட்டும் இல்லை. கம்பி மாட்டிய விரலில் ஒவ்வொரு சுரமும் தொடங்கும் கணம் கூர்மையாகிறது, அந்தக் கூர்மையினால் விரைவான கோர்வைகளில் சுரங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பான்ஜோவுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று கருதுகிறேன், ஏனெனில் பிரிக்ஸ் காலத்துச் சுருதி மிகத் தாழ்ந்தது. அவருடைய நூலின் சுருதி ஐந்தாம் தந்தியிலிருந்து தொடங்கி டி, ஜி, டி, எஃப் ஷார்ப், ஏ என்று அமைகிறது. பிற்காலத்தில் பரவலான ஜி, சி, ஜி, பி, டி என்ற அமைப்பை விட இது ஐந்து அரைச்சுரம் கீழே. தளர்ந்த நரம்புத் தந்தியில் வெறும் நகம் எழுப்பும் ஒலி உருண்டு, மங்கலாக வரும். மெட்டு (சுர இடங்களைக் காட்டக் குறுக்கே பதிக்கும் கம்பி) இல்லாத அக்காலப் பான்ஜோக் கழுத்தில் விரலால் அழுத்தி வாசிக்கும்போது அந்த மங்கல் இன்னும் கூடும். ஆகவே நால்வர் குழுவில் எலும்புத் தட்டலோடு சேர்ந்து பான்ஜோவின் தாளம் துல்லியமாகக் கேட்க, திம்பிளின் விளிம்பு வேண்டியிருந்தது.

அது ஏன் மறைந்தது என்பதற்கும் இங்கிருந்தே விடை கிடைக்கிறது. 1860களில் பாடநூல்களில் கிட்டார் முறை என்ற இன்னொரு கைவழி நுழைந்தது. அதில் கட்டைவிரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து, நுனிச் சதையால் தந்தியை மேல்நோக்கி இழுக்கும். நகத்தின் முதுகில் தகடு மாட்டிய விரலால் இதைச் செய்ய முடியாது என்பதால், ஒரே பாடலுக்குள் இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றி வாசிக்க விரும்பியவருக்குத் திம்பிள் இடைஞ்சலாயிற்று. ஃபிலடெல்ஃபியாவின் எஸ். எஸ். ஸ்டீவர்ட் பான்ஜோக்களைத் தயாரித்ததோடு 1882 முதல் ஒரு பத்திரிகையும் நடத்தி, பான்ஜோவைக் கூடத்திலும் வரவேற்பறையிலும் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்று விடாமல் எழுதியவர். அந்தச் சூழலில் விரல் முறை பெருமைக்குரியதாயிற்று, திம்பிள் அடி பழைய கூத்துமேடையின் மிச்சமாகக் கருதப்பட்டது. உடனே ஒழிந்துவிடவும் இல்லை. அணிநடைப் பாடல்கள் போன்றவற்றில் விறுவிறுப்புக்காக அந்த அடியைத் தனியே வைத்துக்கொண்டவர்கள் அந்த நூற்றாண்டின் இறுதி வரை இருந்தார்கள்.

எனவே, மார்த்தாண்டம் அண்ணா, எந்தத் திம்பிள் வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன் எந்த அடியை வாசிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கீழ்நோக்கிய அடி மட்டும்தான் என்றால் திம்பிள் உங்களுக்கு உதவும். கிட்டார் பழக்கத்தில் இடையிடையே விரலால் இழுப்பவராக இருந்தால், நாள்தோறும் எரிச்சல்தான் மிஞ்சும்.

பதில்: ஆசாரிப்பள்ளம் பட்டறை

வரலாற்றை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் வேலையை மட்டும் சொல்கிறேன். சிதார்க்காரர்கள் விரலில் மாட்டும் கம்பி மீட்டியான மிஸ்ராப் போன்றவற்றைப் பழுது பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை. பான்ஜோவுக்கு என்று கடையில் கிடைக்கும் விரல் பிக்கை வாங்கி ஏமாற வேண்டாம். 1945 இல் அமெரிக்க இசைக்கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பான்ஜோக்காரர் எர்ல் ஸ்க்ரக்ஸ் புகழ்பெறச் செய்த மூன்று விரல் முறைக்கு அது உரியது. அதன் தகடு விரலின் சதைப் பக்கத்தில் இருக்கும், ஏனெனில் அங்கே விரல் தந்தியை மேல்நோக்கி இழுக்கிறது. அதையே திருப்பி நகத்தின் மேல் மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மாட்டலாம்தான், ஆனால் அந்தத் தகட்டின் வளைவு நகத்தின் வளைவோடு பொருந்தாததால், இடையில் வெளி விழுந்து ஒவ்வோர் அடிக்கும் தகடு துள்ளும். நல்ல திம்பிளில் தந்தி தகட்டை நகத்தின் மீது அழுத்துகிறது. நகமே முட்டுக்கொடுப்பதால் தகடு மெல்லியதாக இருந்தாலும் போதும், விரலுக்கும் தந்தியின் உணர்வு தெரியும்.

செய்வதற்கு அரை மில்லிமீட்டர் அளவுள்ள பித்தளைத் தகடு போதுமானது. முதலில் தடித்த காகிதத்தில் வெட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். நடுவில் நாக்கு, இரு பக்கமும் இரண்டு சிறகுகள் என்று வரைந்துகொள்ள வேண்டும். சிறகுகள் நகத்தின் அடிப்பகுதிக்குப் பின்னால் விரலைச் சுற்றி வரும். அடியில் சதைப் பக்கத்தில் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, திறந்தே இருக்க வேண்டும். அப்போதுதான் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும், கட்டைவிரல் அருகே வரும்போது விளிம்பில் இடிக்காமலும் இருக்கும். நாக்கு நகத்தின் நுனியை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தாண்ட வேண்டாம். நீளம் கூடினால் தந்தியில் கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். முனையின் இரு மூலைகளையும் அரத்தால் உருட்டி, நயமான உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் துணியால் மெருகு ஏற்றுங்கள். மெருகில் சோம்பல்பட்டால் தந்தியில் உரசல் ஒலி நிச்சயம் வரும். தகரக் கத்தரியைக் கையாளப் பழக்கமில்லை என்றால், அளவெடுத்த காகிதத்தோடு ஏதேனும் ஒரு நகைப் பட்டறைக்குப் போங்கள். அவர்களுக்கு இது மோதிரத்தை விட எளிய வேலை.

இன்னொரு செய்தியும் இங்கே பொருத்தமானது. உங்களுடையதில் எஃகுத் தந்தி இருந்தால், அதன் மேல் பித்தளை அடிக்கும்போது ஒலி காதைக் குத்தும். அந்தக் காலத் திம்பிள் நரம்புத் தந்திக்காக உருவானது. பான்ஜோவுக்கான நைலான் தந்தி போட்டு, தங்கை சொன்ன தாழ்ந்த சுருதியில் வைத்துப் பாருங்கள். எஃகுத் தந்தியை அப்படியே அவ்வளவு கீழே இறக்கினால் அது தொய்ந்து மெட்டில் அடிக்கும் என்பதால், தந்தியை மாற்றாமல் சுருதியைக் குறைக்க வேண்டாம்.

பதில்: மார்த்தாண்டம் கிட்டார்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சபையில் வாசிக்கும்போது எஃகுத் தந்திதான் மற்ற வாத்தியங்களோடு இணங்குகிறது, சுருதியை மாற்றவும் இயலாது. அப்படியிருக்கத் திம்பிளுக்கு மாற்றாக நகத்தைக் காப்பாற்ற வேறு வழி உண்டா? சரோது என்ற வட இந்தியத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர்கள் தேங்காய்ச் சிரட்டையில் செய்த மீட்டியைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சிரட்டைக்கு நம் ஊரில் பஞ்சமில்லையே.

பதில்: ஆசாரிப்பள்ளம் பட்டறை

சிரட்டை நல்ல பொருள்தான்; ஒலி பித்தளையை விட மென்மையாக இருக்கும். ஆனால் சரோது மீட்டி கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடிப்பது, விரலில் மாட்டுவதன்று. விரலைச் சுற்றி வளைய அது இணங்காது, வளைத்தால் உடையும். வேண்டுமானால் பித்தளை வளையத்தின் மேல் நகத்தளவு சிரட்டைச் சில்லை ஒட்டிப் பார்க்கலாம். ஒட்டுப்பசை எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் சிக்கல்.

பதில்: தக்கலை வீணை

எஃகுத் தந்தியை விட முடியாது என்றால் திம்பிளை விட்டுவிடுங்கள், அண்ணா. இன்று நக அடியில் வாசிப்பவர்கள் பலர் அக்ரிலிக் நகம் ஒட்டிக்கொள்கிறார்கள். சிலர் பிங்பாங் பந்தைச் சிறு துண்டாக வெட்டி நகத்தின் மேல் ஒட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம், கிட்டாருக்கும் தடையில்லை. அதற்கு முன் அடியின் அளவையும் கவனியுங்கள். நகம் ஓரத்தில் பிளப்பதற்கு, தந்திக்குக் கீழே விரல் ஆழமாக இறங்குவது காரணமாக இருக்கலாம். விரலை வளைத்தபடியே நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து கையை இறக்கி, நகத்தின் முதுகு தந்தியைத் தொட்டவுடன் அடுத்த தந்தியில் ஓய்வெடுக்க விடுங்கள். கட்டைவிரல் அதே இறக்கத்தில் ஐந்தாம் தந்தியில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். அதைத் தனியாகத் தேடிப் போகக் கூடாது.

பதில்: கோட்டாறு வாசகன்

துல்லியத்தைப் பற்றித் தங்கை சொன்னதை ஏற்கிறேன், உரமும் அதில் ஒரு பாதி என்பதை விட்டுக்கொடுக்காமல். 1857 இல் நியூயார்க்கில் பான்ஜோக்காரர்களுக்குப் பொதுமேடையில் போட்டியே நடத்தினார்கள்; கூட்டம் நிறைந்த அந்த மண்டபங்களில் கேட்காத துல்லியத்தால் யாருக்குப் பயன்? தம்பி, அந்தப் பித்தளைத் திம்பிளையும் எதற்கும் ஒன்று செய்து வையுங்கள். மலிவான நைலான் தந்தி வாங்கி, சபைக்கு வாசிக்காத நாள்களில் போட்டுப் பாருங்கள். தந்தியை மாற்றும்போது குதிரை நகர்ந்துவிடாமலிருக்க, அதன் இடத்தைத் தோலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.