கார் வரைந்த கையை எங்கே சந்தித்தீர்கள்?

உப்புவெளி

முதலில் நானே தொடங்குகிறேன். 2016இல் வேலை விஷயமாக ஜப்பானின் செண்டாய் நகரில் இருந்தேன். அங்கே ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்றது. உடம்பு வெள்ளை, முதுகு முழுக்கச் சிவப்பு. மூக்கு மட்டும் 13 மீற்றர். நம்மூரிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் போய்ப் பழகிய எனக்கு ரயில் என்றால் வரிசையாகக் கோத்த பெட்டிகள்தான். அதற்கு முகம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. ஏறவேண்டியவன் ஏறாமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அது ஈ6 கொமாச்சி. டோக்கியோவிலிருந்து அக்கித்தா போகும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில், வேகம் மணிக்கு 320 கிலோமீற்றர். அந்த மூக்கு அழகுக்காக நீட்டியது இல்லை. அந்த வேகத்தில் சுரங்கத்துக்குள் நுழையும் ரயில் முன்னால் இருக்கும் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளியே வரும், பக்கத்துக் கிராமங்கள் அதிரும். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கத்தான் அவ்வளவு நீளம். அதைப் பொறியியலாளர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். சிவப்பு எங்கே முடிய வேண்டும், வெளிச்சம் எந்த விளிம்பில் ஓட வேண்டும் என்பதெல்லாம் டிசைனர் தலையில்.

அந்த டிசைனரைத் தேடிப் போனால் ஃபெராரியின் என்ஸோ என்ற காரில் போய் நிற்கிறது! கியோயுகி ஒகுயாமா, வெளியுலகத்துக்குக் கென் ஒகுயாமா. 1959இல் யமகாத்தாவில் பிறந்தவர். டோக்கியோவில் முசாஷினோ கலைப் பல்கலைக்கழகம், பிறகு கலிஃபோர்னியாவில் பசதீனாவின் ஆர்ட் சென்டர் கல்லூரி. அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ், போர்ஷே, இத்தாலியில் பினின்ஃபரீனா என்ற கார் டிசைன் நிறுவனம்.

என்ஸோவுக்காக அங்கே செய்து வைத்திருந்த மாதிரி ஃபெராரி தலைவருக்குப் பிடிக்கவில்லை. அவர் கிளம்பும் நேரத்தில் எப்படியோ 15 நிமிடம் நிறுத்தி வைத்து, அதற்குள் ஒகுயாமா புதிதாக ஒன்றை வரைந்து காட்டினார். இது அவரே சொன்ன கதை. எல்லோரும் அந்த 15 நிமிடத்தைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் அந்தக் கை வரைந்து தள்ளிய வருடங்கள்தான் தெரிகின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2002இல் என்ஸோ வெளியே வந்தபோது அவர் இத்தாலியில் இல்லை. 2000இலேயே தான் படித்த அதே ஆர்ட் சென்டருக்குத் திரும்பி, வாகன டிசைன் துறைக்குத் தலைவராகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 2004இல்தான் டிசைன் இயக்குநராகப் பினின்ஃபரீனாவுக்கு மீண்டும் போனார். தொழிலில் உச்சத்தில் நிற்கும்போது வகுப்பறைக்குப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்?

உங்களில் யாராவது இப்படிக் கார் வரைகிற, வரையக் கற்றுக்கொடுக்கிற ஒருவரைச் சந்தித்திருக்கிறீர்களா? அவர் செய்த பொருளைச் சந்தித்திருந்தாலும் போதும், சொல்லுங்கள்.

அனுராதபுரச் சந்தி

தம்பி, நான் 27 வருடமாக டிங்கர், பெயின்ட் வேலை செய்கிறவன். ரயில், ஃபெராரி எல்லாம் பார்த்ததில்லை. ஆனால் கார் டிசைன் படிப்பித்த மனிதர் ஒருவர் என் கராஜில் இரண்டரை மணித்தியாலம் இருந்தார்.

ஜூலை மாதம், நிலாவெளியில் வெள்ளைக்காரர் கூட்டம் நிறைந்திருந்த நேரம். வாடகை வான் ஒன்று மதிலில் உரசிவிட்டது என்று சாரதி கொண்டுவந்தார். கூடவே வயதான ஒருவர். மற்றவர்கள் என்றால் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பள்ளத்தில் பூசிய புட்டி காய்ந்ததும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். பிறகு வழக்கம்போல உள்ளங்கைக்கும் கதவுக்கும் நடுவில் மெல்லிய துணி ஒன்றை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். வெறும் கையென்றால் தோல் பிடித்து இழுக்கும், பள்ளம் மேடு சரியாகத் தெரியாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் குருநாதர், அவர் இப்போது இல்லை. அந்த வெள்ளைக்காரர் சட்டென்று எழும்பி வந்து என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். அதே மாதிரிதான் தடவினார், கண்ணை மூடிக்கொண்டு!

சாரதி மொழிபெயர்த்தார். அவர்களும் இப்படித்தானாம். பேப்பரில் வரைந்ததோடு கார் முடிவதில்லை. களிமண் மாதிரி ஒன்றை அடுப்பில் ஏறத்தாழ 60 பாகை சூடாக்கி, இளகியதும் கூட்டின் மேல் அப்பி, ஆறியதும் சுரண்டி முழு அளவுக் கார் செய்கிறார்கள். பிறகு அதன்மேல் பளபளப்பான படலம் ஒன்றை ஒட்டி, விளக்கு வெளிச்சம் அதில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். நான் அவரைச் சுவரோரம் கூட்டிப் போய் என் டியூப் லைட் இரண்டையும் காட்டினேன். அந்தக் கோடு கதவில் நேராக விழுந்தால் வேலை சரி, நெளிந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். அவர் என் தோளில் கைபோட்டு நின்று பார்த்தார்.

போகும் முன் ஒரு சோக்கட்டி கேட்டார். சீமெந்துத் தரையில் முதலில் ஒரு நேர்கோடு, அது தரை. அதன்மேல் இரண்டு வட்டம். நான் முகத்திலிருந்து வரைவார் என்று நினைத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அதே அளவில் இன்னும் மூன்று வட்டம் மெல்லிசாகப் போட்டுக் காட்டினார். சாதாரணக் கார் என்றால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இடைவெளி. சக்கரமும் இடைவெளியும் பிழைத்தால் மேலே என்ன அழகு செய்தாலும் எடுபடாதாம். படிக்க வந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவாராம். அவ்வளவு வருடமும் நான் கதவு கதவாகப் பார்த்த வாகனத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அந்த இடத்தை ஒரு கிழமை கூட்டவிடவில்லை.

தம்பலகாமம்

அண்ணா சொன்னதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பதினாறு வயது, கொப்பி முழுக்க வாகனம்தான். சித்திரத்தைப் பாடமாக எடுக்கவேண்டாம், எதிர்காலம் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை பிள்ளை.

எங்கள் வீட்டில் வாகனம் என்றால் அப்பாவின் லேண்ட் மாஸ்டர்தான், கையால் பிடித்து உழுகிற இரண்டு சக்கர டிராக்டர், யன்மார் இஞ்சின். வயலில் நாள் முழுக்கப் பிடித்துவிட்டு வந்தால் இரவில் அவருக்குக் கைவிரல் மடங்காது. கார் வரைகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கக்கூடாதா என்று அவள் கேட்கிறாள்.

உப்புவெளி

தங்கச்சி, மகள் கேட்டதற்கு ஒகுயாமாவிடமே பதில் இருக்கிறது. 2007இல் சொந்த நிறுவனம் தொடங்கிய பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அந்த யன்மார்தான். 2013இல் அவர் டிசைனில் சிவப்பு டிராக்டர் ஒன்றைக் காட்டினார்கள். என்ஸோ வரைந்த அதே கை. யன்மார் என்ற பெயரே ஜப்பானியத் தும்பியிலிருந்து வந்தது. தும்பி பறந்தால் அந்த வருடம் நல்ல விளைச்சல் என்பது அங்கத்தைய நம்பிக்கை. தும்பி தாழப் பறந்தால் மழை என்று நாங்கள் சொல்வதில்லையா, அப்படி.

சொந்த ஊரையும் அவர் விடவில்லை. 2024 மார்ச்சில் யமகாத்தாவுக்கு ஓடத் தொடங்கிய ஈ8 ரயிலும் அவர் பார்வையில் வந்ததுதான். அதன் மூக்கு 9 மீற்றர். வேகம் 300 என்பதால் அது போதும், ஆட்கள் உட்காரவும் கூடுதல் இடம் கிடைக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடப் பேச்சை நானும் கேட்டவன். சித்திரத்தை விட்டேன், இன்றைக்கும் உறுத்துகிறது. பிள்ளையை விடச் சொல்லாதீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் டிசைனுக்கு என்றே பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும், படிப்பு ஆங்கிலத்தில். இப்போதிருந்தே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரைவதற்கு வேறு எங்கேயும் போகவேண்டாம், தாத்தாவின் லேண்ட் மாஸ்டரை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரையட்டும். கைபிடி எங்கே அதிர்கிறது, எங்கே நோகிறது என்று தாத்தாவையே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். டிசைன் படிக்கிறவர்களும் பாவிக்கிற ஆளிடம் கேட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

அனுராதபுரச் சந்தி

தங்கச்சி, சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஞாயிறு பூட்டு. பழைய மொரிஸ் மைனர் ஒன்று வந்து நிற்கிறது, பெயின்ட் எல்லாம் சுரண்டி வெறும் தகடாக இருக்கிறது. வளைவுகளைத் தடவிப் பார்க்க அதைவிட நல்ல வாகனம் கிடைக்காது. நீளக் கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள், புட்டித் தூள் பட்டால் கடிக்கும். சோக்கட்டி என்னிடம் இருக்கிறது.