பொறி மூடியிருக்கிறது, உள்ளே எலி இல்லை (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, முதுகலை ஆய்வுக்காகக் காட்டெலிகளைப் பிடித்து, காதுமடலில் ஒட்டியிருக்கும் சிற்றுண்ணிகளை எண்ணிவிட்டுத் திரும்ப விடுகிறேன். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது அவற்றின் இளம்புழுக்கள்தான். கொழுந்து பறிக்கும் அக்காமார் நாள் முழுக்கப் புதரோரம் நிற்கிறார்கள். இந்தக் கணக்கு தப்பாகிவிடக் கூடாது.

சிக்கல் இதுதான்: மூன்று வாரமாக 40 பொறிகளில் 12, 15 தினமும் கதவு மூடிக் காலியாகக் கிடக்கின்றன. இரையும் இல்லை. மடக்கு வகை அலுமினியப் பெட்டி, 9 அங்குல நீளம். மாலை 5 மணிக்கு வைத்துக் காலை 6 மணிக்குப் பார்க்கிறேன். மழை பிடித்த பிறகுதான் இப்படி. சோலை ஓரத்தில் அதிகம், தேயிலை வரிசைக்குள் குறைவு. சில பெட்டிகளில் பளபளவென்று வழுவழுப்பான தடம். ஓடில்லாத நத்தை என்று நினைக்கிறேன்.

கடலை வெண்ணெய்க்குப் பதில் கருவாடு, பிறகு சுட்ட தேங்காய் வைத்துப் பார்த்தேன். வெந்நீரில் கழுவினேன். அடியில் கல் கொடுத்து ஆடாமல் நிறுத்தினேன். எலி மிதித்ததும் கதவை மூடவைக்கும் மிதிபலகையை இறுக்கியதும் காலியாக மூடுவது குறைந்தது, ஆனால் சுண்டெலிகள் இரையைத் தின்றுவிட்டுப் போய்விடுகின்றன. குளிருக்கு உள்ளே வைக்கும் பஞ்சும் காரணமோ என்று ஓர் இரவு மட்டும் எடுத்துப் பார்த்தேன். மாற்றமில்லை, எலி விறைத்துவிடும் என்று பயந்து திரும்ப வைத்துவிட்டேன். காலியாக மூடியதை அரைப் பொறி-இரவாகக் (ஒரு பொறி ஓர் இரவு இருந்தால் ஒரு பொறி-இரவு) கழிக்கும் முறை தெரியும். இவ்வளவு இருந்தால் அதை நம்ப மனமில்லை.

மழைக்காலத்தில் மலையில் பொறி வைத்தவர்கள் சொல்லுங்கள்: நத்தை ஏறாமல், சுண்டெலியும் தப்பாமல் இருக்கப் பெட்டியை எப்படி வைப்பீர்கள்?