பேஸைக் குறைத்ததும் குரல் வெளியே வந்தது

பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) இரண்டையும் கூட்டிக் குறைக்கும் டோன் கன்ட்ரோலைத் தொட்டாலே பாவம் என்று ஒரு கூட்டம் உண்டு. என் ஆம்பிலும் (ஆம்பிளிஃபயர்) 'டைரக்ட்' பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இரண்டும் ஒலிப் பாதையிலிருந்து விலகிவிடும். நான் அதை அழுத்துவதே இல்லை.

என் ஸ்பீக்கர்கள் மூலையை ஒட்டித்தான் நிற்கின்றன, வேறு இடமில்லை. மூலைச் சுவர்கள் பேஸைத் தூக்கிக் கொடுக்கும். ஆண் குரலெல்லாம் குடத்துக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. பேஸ் குமிழை நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன், குரல் தெளிந்துவிட்டது. புது கேபிள் வாங்கச் சொன்னவர்களும் இருந்தார்கள்!

இரவில் நேர்மாறு. சத்தம் குறையும்போது நம் காதுக்கு பேஸ்தான் முதலில் காணாமல் போகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்களில் வரும் 'லவுட்னஸ்' பட்டன் இதற்காகத்தான். அதனால் மெல்லக் கேட்கும்போது பேஸை ஏற்றுவேன், சத்தம் கூட்டினால் பழையபடி இறக்கிவிடுவேன்.

*

அந்த இறக்குவதுதான் முக்கியம் சார். 3 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் ஆம்ப் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. நண்பர் வீட்டில் சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், பேஸ் குமிழ் கடைசி வரை. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் கொடுக்க முடியாத ஆழமான பேஸில் சத்தம் பெரிதாக ஏறவில்லை, ஸ்பீக்கரின் கூம்பு மட்டும் முன்னும் பின்னும் துடித்தது. பாட்டு முழுக்கக் கரகரப்பு. குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான்.

*

என் அறையில் ஒரே ஒரு பேஸ் ஸ்வரம் மட்டும் 'ம்ம்ம்' என்று அதிரும். அறை நீளம் 4 மீட்டர். ஒலியின் அரை அலை அந்த நீளத்துக்குள் சரியாக அடங்கும்போதுதான் அறை அதிரும், கணக்குப் போட்டால் அது 43 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. இதற்கு பேஸ் குமிழ் சரிப்படாது. பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952-ல் வெளியிட்ட சுற்றின் வழியில் வந்தவைதான் பெரும்பாலான குமிழ்கள். பேஸ் பகுதி மொத்தத்தையும் சேர்த்தே ஏற்றும், இறக்கும். ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடுங்க முடியாது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து முன்னே இழுத்ததும் அதிர்வு பாதி அடங்கியது. ட்ரெபிளைக் குறைப்பது கேசட்டிலிருந்து மாற்றிய பழைய பதிவுகளுக்கு மட்டும்தான். இரைச்சலோடு சேர்ந்து சிம்பல் ஒலியும் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.